ஒரே ஒரு தடவை அமுக்கவும்

ஜெபக்குமாரைப் பற்றிக் கேட்டால் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மாடி ரூமில் ஏசி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்த ஆள் என்பார்கள். மூன்று வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்றும் கிழிக்காமல் போன ஆள் என்பார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். அவர் சும்மா போகவில்லை. போனதற்கு நானும் ஒரு காரணம். அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தரணீதரன். திருப்பூர் பல்லடம் ரோட்டில், பனியன் துணி பின்னும் பதினான்கு வட்ட நிட்டிங் மெஷின்கள் ஓடும் கம்பெனியில் ஃபிட்டர். சொந்த ஊர் வெள்ளகோவில். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்தது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தவன். முன்கோபக்காரன். வீட்டில் மனைவி, மகள், மருமகன், பேரன் என்று எப்போதும் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். தனியாக இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஜெபக்குமாரை முதலிலேயே சரியாகப் பார்த்திருப்பேன்.

அவருடைய அப்பா சகாயராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்று மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். மகன் பெங்களூரில் சிப் டிசைன் செய்கிற வேலைக்குப் போனார். அம்மாவுக்கு நோய் கண்டதும் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி கதிர்வேல் அவரைப் பிடித்தார்.

எங்கள் ஒன்பதாம் நம்பர் மெஷின் டிசைன் போட்டு ஓட்டுகிற மெஷின். எந்த ஊசி எப்போது மேலே ஏற வேண்டும் என்று அதற்குள் இருக்கும் ஒரு போர்டு சொல்லும். அந்த போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். போய்விட்டால் ஒரு மாதம் மெஷின் சும்மா நிற்கும். அதை இங்கேயே செய்துவிட்டால் என்ன என்று கதிர்வேலுக்கு ஆசை. அதற்குத்தான் மாடி ரூம், ஏசி, ஒரு பெரிய கம்ப்யூட்டர், ஜெபக்குமார்.

வந்த முதல் வருஷமே அம்மா இறந்துவிட்டார். முதலாளி மாலையோடு போய்விட்டு வந்தார். எனக்கு அன்றைக்கு மூன்றாம் நம்பர் மெஷின் சிலிண்டர் வேலை. நான் போகவில்லை. நாலாம் நாள் ஜெபக்குமார் வேலைக்கு வந்தபோது, "வந்துட்டீங்ளா தம்பி" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் இல்லை. கம்பெனிக்குப் பின்புறம் லைன் வீட்டில் ஒரு ரூம். இரண்டு வேளை மெஸ் பார்சல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். பூசை முடிந்து ஜனங்கள் பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தில் இவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். கீழே எங்களுக்கு நூல், பஞ்சு, சத்தம், சண்டை, டீ எல்லாம் உண்டு. மேலே அவருக்கு அந்த கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் மட்டும்தான். அவர் செய்கிற வேலையைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. பெங்களூர் நண்பர்கள் முதலில் போன் செய்தார்கள். அப்புறம் பண்டிகைக்கு மெசேஜ் மட்டும் அனுப்பினார்கள். அப்புறம் அதுவும் நின்றது.

போன வருஷம் சித்திரையில் அவர் செய்த போர்டை ஒன்பதாம் நம்பரில் மாட்டினோம். பதினோரு நாள் தங்கமாக ஓடியது. முதலாளி பார்ப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போர்டு அப்படியே நின்றுவிட்டது. மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, ஊசிக்கு உத்தரவு வரவில்லை. துணி மொத்தமும் ஊசியிலிருந்து கழன்று விழுந்தது. எண்ணூறு ஊசிக்கு மேல் வளைந்தது. அவற்றைக் கழற்றி மாட்டியது நான்தான். மூன்று நாளும் திட்டிக்கொண்டே மாட்டினேன். ஜெபக்குமார் பக்கத்தில் நின்று ஊசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

கதிர்வேல் பழைய போர்டை மாட்டச் சொன்னார். ஜெபக்குமாரிடம் கோபப்படவில்லை. "தீபாவளி வரைக்கும் பாருங்க. ஏன் நின்னுச்சுன்னு காரணம் சொல்லுங்க. சொல்ல முடியலீன்னா விட்டுரலாங்க," என்றார். அவ்வளவுதான். ஜெபக்குமாருக்கு அந்த போர்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காரணம் கண்டுபிடிக்க அவர் செய்ததை எனக்குத் தெரிந்தமட்டில் சொல்கிறேன். போர்டையும் மெஷினையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஓட்டிப் பார்ப்பது. சிமுலேஷன் என்பார். உள்ளே பொய் நூல் அறுந்துபோகும், பொய் ஆபரேட்டர் கண்ட நேரத்தில் பட்டனை அமுக்குவார். ஒரு நாள் முழுக்க கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஓடினால் மெஷின் சில நூறு சுற்றுகள் சுற்றியிருக்கும். ஒரு ஓட்டம் முடிந்ததும் அடுத்ததை மறுபடி ஒன்றிலிருந்து தானாகவே தொடங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கம்ப்யூட்டரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். நூல் எப்போது அறும், பட்டனை எப்போது அமுக்குவார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். எண் தெரிந்தால் அதே ஓட்டத்தை அச்சுப் பிசகாமல் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

அவர் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்தப் பொய் மெஷினும் நிஜ மெஷின் மாதிரி ஒருநாள் நின்றுபோக வேண்டும். நின்றால் எங்கே நின்றது என்று பார்த்துவிடலாம். வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் போனது. நிற்கவே இல்லை. அவர் மெலிந்துகொண்டே வந்தார். நான் எப்போதாவது மேலே போய்க் கிண்டல் செய்வேன்.

"ஏனுங்க தம்பி, எல்லாரும் மெஷின் ஓடோணும்னு சாமி கும்புடறாங்க. நீங்க மட்டும் நிக்கோணும்னு கும்புடறீங்க."

"என்னண்ணே செய்ய, என் பொழப்பு அப்படி," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அது போதும் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்று ஒரு வழக்கம். காலையிலிருந்தே மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பஞ்சை ஊதி, துடைத்து, மெயினை ஆஃப் செய்து, சந்தனம் குங்குமம் வைப்போம். சாயங்காலம் கற்பூரம் காட்டும்போது ஷெட்டில் ஒரு பல்பைத் தவிர எதுவும் ஓடக்கூடாது. அந்த நிசப்தத்தைக் கேட்பதற்கே பழைய ஆட்கள் வருவார்கள். மாடிக் கம்ப்யூட்டருக்கு மட்டும் விதிவிலக்கு என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஜெபக்குமார் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஜலதோஷம், உடம்பு சூடு. மத்தியானம் மாடிக்குப் போனபோது கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன், போய்க் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் படுங்க, பூஜைக்கு வந்தால் போதும் என்று. திரையில் பச்சை எழுத்தில் ஓடும் எண்ணைக் காட்டினார்.

"இது சுத்துற கணக்குண்ணே. ஏறிக்கிட்டே இருக்கும். சில நேரம் அரை மணி நேரம்கூட ஒரே எண்ணுல நிக்கும், அது பரவால்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்க எதையும் தொடாதீங்க."

தொடாதீங்க. முப்பத்தோரு வருஷம் மெஷினோடு குடும்பம் நடத்தியவனிடம் சொல்லுகிற வார்த்தையா அது? மனதுக்குள் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், "சரிங்க தம்பி, நீங்க போங்க," என்றேன்.

இரண்டு மணிக்கு எண் 211. கீழே போய் ஆறாம் நம்பருக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன், 211. இரண்டே முக்காலுக்கும் 211. மூன்று மணி தாண்டி இருபது நிமிஷம் ஆகியும் அதே 211. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறு மாதமாக அந்த மனுஷன் தவம் கிடந்தது என் கண் முன்னால் நடந்துவிட்டது. மெஷின் நின்றுவிட்டது.

நிட்டிங்கில் மெஷின் கோளாறு கொடுத்தால் ஃபிட்டர் முதலில் செய்வது மெயினை ஆஃப் செய்வதுதான். ஓடவிட்டால் இன்னும் நாலு ஊசி போகும். ஆஃப் செய்துவிட்டால் துணி ஊசியில் மாட்டியபடியே, நூல் அறுந்த இடத்தில் அறுந்தபடியே, நேற்று விட்டது இன்றைக்கு அப்படியே இருக்கும். மறுநாள் சாவகாசமாக வந்து விரலால் தடவிப் பார்த்தால் கோளாறு எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும். என் வாழ்நாள் முழுக்க நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அப்படிச் செய்ததால்தான் நல்ல ஃபிட்டர் என்று பெயர் வாங்கினேன்.

நான் கம்ப்யூட்டரின் சுவிட்சை ஆஃப் செய்தேன். கரண்ட் போனாலும் ஓட வைக்கிற பெட்டி ஒன்று கீழே இருந்தது, அது கத்தியது. அதையும் ஆஃப் செய்தேன். ஃபேன் சத்தம் நின்றது. சந்தனத்தைத் தொட்டுக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் போன் செய்தேன்.

"தம்பி, நின்னு போச்சுங்க! எரநூத்திப் பதினொண்ணுல நின்னு போச்சு!"

எதிர்ப்பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. எழுந்து உட்கார்ந்திருப்பார். "வாரேண்ணே, இந்தா வாரேன். தொடலல்லா?"

"மெதுவா வாங்க. நான் அப்பவே மெயினை ஆஃப் பண்ணிப் போட்டனுங்க."

 போன் துண்டானது.

வந்தார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, எதையோ திறந்து பார்த்தார். பாதியில் அறுந்த ஒரு வரி தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் என் சந்தனப் பொட்டோடு அந்தக் கம்ப்யூட்டர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். கம்ப்யூட்டர் பார்த்ததையெல்லாம் உடனுக்குடன் டிஸ்கில் எழுதாதாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நினைவில் சேர்த்து வைத்து, சேர்ந்ததும் மொத்தமாக எழுதுமாம். கடைசியாக நடந்தது என்ன என்பது முழுக்க நினைவில்தான் இருந்ததாம். மரியாதையாக நிறுத்தினால் அது போகும் முன் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போகும். கரண்டைப் பிடுங்கினால் நினைவோடு சேர்த்து எல்லாம் போய்விடும்.

"அந்த எண்ணு இருக்குமில்லீங்க? அதை வெச்சு மறுபடியும் ஓட்டலாம்னு சொன்னீங்களே?"

"எண்ணும் அதுலதாண்ணே இருந்துச்சு. அத மட்டுமாவது மொதல்லயே டிஸ்க்ல எழுதிருக்கணும். அது என் தப்பு."

இந்த நிலைமையிலும் அவர் தன் தப்பைத்தான் தேடினார். நான் செத்துவிடலாம் போல் நின்றேன்.

நான்கரைக்குப் பூஜை. ஷெட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்துப் பொரி கொடுக்கும்போது கதிர்வேல் கேட்டார், "என்னங்க ஜெபக்குமார், மேல சத்தமே காணோம்?"  சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஜெபக்குமார் முந்திக்கொண்டார். "இன்னைக்கு நின்னுச்சு சார். நான்தான் தூக்கக் கலக்கத்துல தப்பா ஆஃப் பண்ணிட்டேன். டேட்டா போயிருச்சு."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பூசணிக்காய் உடைக்கப் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் பொரி இருந்தது, மென்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

அதற்கப்புறம் அவர் சில மாற்றங்கள் செய்தார். ஒவ்வொரு ஓட்டத்தின் எண்ணும் முதலிலேயே தனியாக டிஸ்கில் எழுதப்படும். பச்சை எண் நின்றால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து ஓட்டத்தை நிறுத்தும்படி செய்துவிடலாமே என்று கேட்டேன். செய்து பார்த்தாராம், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டங்களையெல்லாம் நின்றுவிட்டதாக நினைத்துக் கொன்றுவிட்டதாம். மனுஷன் பார்த்து முடிவு செய்வதுதான் சரி என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில், எனக்குப் புரிகிற தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இனிமேல் நீங்கதான் பாத்துக்கணும்ணே என்றார். இவ்வளவு நடந்த பிறகும் என்னை நம்பினார்.

தாளில் இப்படி இருந்தது. இரண்டு மணி நேரம் பச்சை எண் மாறாவிட்டால் மட்டும் கை வைக்கவும். கன்ட்ரோல் பட்டனோடு சி எழுத்தை ஒரே ஒரு தடவை அமுக்கவும். உடனே ஒன்றும் நடக்காது. காத்திருக்கவும். மறுபடி அமுக்கினால் கரண்டைப் பிடுங்கியது மாதிரிதான். அம்புக்குறி ஒன்று வரும். வந்த பிறகு இந்தச் சொல்லை அடித்தால் எங்கே நிற்கிறது என்று சொல்லும்; போட்டோ எடுத்துக்கொள்ளவும். அடுத்து இந்தச் சொல்லை அடித்தால் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி வைக்கும். அது முடிந்தது என்று சொன்ன பிறகே கடைசிச் சொல்லை அடித்து ஓட்டத்தை மூடவும்.

தீபாவளி வரை எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் நிற்கவில்லை.

தீபாவளிக்கு மறுவாரம் முதலாளி மேலே போனார். ஐந்து நிமிஷத்தில் கீழே வந்துவிட்டார். ஜெபக்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டார். போகிற அன்று ஒரு பையும் ஒரு சூட்கேஸும்தான். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டது நான். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, எங்கள் கம்பெனியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, நான் அன்னைக்கு மொதலாளிகிட்ட சொல்லியிருக்கோணும்."

"விடுங்கண்ணே. உங்களுக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு யாரு கேக்கப் போறா?" என்றார். பஸ் ஏறிவிட்டார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மாடி ரூமைக் காலி செய்து ஊசிப் பெட்டிகளும் நூல் கோன்களும் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளியின் ரூமுக்குப் போனேன். "அன்னைக்கு ஆஃப் பண்ணுனது நானுங்க. அவரு இல்லீங்க," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கதிர்வேல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு மாசம் குடுத்திருப்பனுங்களே அண்ணா," என்றார். கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

"அந்தக் கம்ப்யூட்டரு மட்டும் ஓடட்டுங்க. ஒரு மூலையில கெடக்கட்டும். நான் பாத்துக்கறனுங்க."

"என்னமோ பண்ணுங்க," என்று கையை அசைத்தார்.

நெட் கனெக்ஷனை எடுத்துவிட்டார்கள். ஏசியைக் கழற்றி ஆபீஸில் மாட்டிவிட்டார்கள். நூல் மூட்டைகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டேபிள் ஃபேனை அதற்கு வைத்தேன். காலையில் வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. பச்சை எண்ணைப் பார்ப்பேன். மாறியிருக்கும். கீழே வருவேன். கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க. கீழே இருப்பவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர்களிடம் விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. மூட்டைகளுக்கு நடுவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இங்கே மூன்று வருஷம் ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பொட்டு வைக்கப் போனபோதும், கிண்டல் செய்யப் போனபோதும் தவிர நான் ஒரு நாளும் மேலே ஏறி வந்ததில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று கம்பெனி லீவு. வீட்டில் உறவெல்லாம் வந்திருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் மனைவி முறைத்தாள். வாட்ச்மேனைத் தவிர யாருமில்லை. ஷெட் அமைதியாக இருந்தது. காலை எட்டரைக்கு எண் 388. கீழே போய் மெஷின்களைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். 388. பத்து மணிக்கும் 388. பத்தரை, பத்தே முக்கால். 388.

இந்தத் தடவை புல்லரிக்கவில்லை. பயமாக இருந்தது.

ஜெபக்குமாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். கன்ட்ரோலை அமுக்கிப் பிடித்து, சியை ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

பத்து நிமிஷம். ஒன்றுமில்லை. சரியாக அமுக்கினேனா என்று சந்தேகம் வந்தது. இருபது நிமிஷம். விரல் அந்த எழுத்தின் மேலேயே போய்ப் போய் நின்றது. இன்னொரு தடவை அமுக்கினால் என்ன என்று கை பரபரத்தது. முப்பத்தோரு வருஷமாக நின்றுபோனதைப் பார்த்தால் உடனே ஏதாவது செய்து பழகிய கை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நாற்பது நிமிஷம் ஆனது. வெளியே எங்கேயோ பட்டி மாட்டு மணி கேட்டது.

அம்புக்குறி வந்தது.

எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தேன். எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் வரிகள் வந்தன. போட்டோ எடுத்தேன், நாலைந்து எடுத்தேன். அடுத்த சொல்லை அடித்தேன். எழுதியாகிவிட்டது என்று வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஓட்டத்தை மூடும் கடைசிச் சொல்லை மட்டும் அடிக்கவில்லை. அது அவர் சொன்ன பிறகு என்று வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. அவர்தான்.

"என்னண்ணே, ரெண்டு தடவ கூப்டுருக்கீங்க? போன சைலன்ட்ல போட்டுத் தூங்கிட்டேன்."

"நின்னு போச்சுங்க தம்பி. முந்நூத்தி எம்பத்தெட்டு. ஆஃப் பண்ணலீங்க. நீங்க எழுதி வெச்ச மாதிரி ஒரே தடவை அமுக்கினனுங்க. நாப்பது நிமிசம் உக்காந்திருந்தேன். எல்லாம் எழுதி வெச்சிருச்சு."

அவருக்கு முதலில் புரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, "இவ்ளோ நாளும் ஓடுச்சா? நீங்களா பாத்தீங்க?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் குரல் மாறியது. "மொத வரிய வாசிங்கண்ணே. ஒவ்வொரு எழுத்தா."

வாசித்தேன். வரி எண் 412 என்றேன்.

அதையே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"ஊசி ரெடியான்னு கேக்குற எடம்ணே," என்றார். "கேட்டுட்டு, பதில் வாற வரைக்கும் அங்கயே நில்லுன்னு எழுதிருக்கேன். எவ்ளோ நேரம் நிக்கணும்னு எழுதல. எப்பவாவது ஒருக்கா, நூல் அறுந்த அதே நொடியில பட்டனையும் அமுக்குனா பதில் வராது. இது பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்கும்." அப்புறம் அவரே சொன்னார். "அம்மா ஐசியூல கெடக்கும்போது எழுதுனது. வெளிய பெஞ்சுல உக்காந்து, டாக்டர் எப்ப வந்து சொல்லுவாருன்னு கதவப் பாத்துக்கிட்டே எழுதுனேன். நேரத்த அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போகவே மனசு வரலண்ணே."

இரண்டு வரி மாற்றினால் போதுமாம். முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் திரும்பி வாருங்கள் என்றேன். மாற்ற வேண்டியதை அங்கேயிருந்தே அனுப்பிவைக்கிறேன், நீங்களே ஒன்பதாம் நம்பரில் மாட்டுங்கள் என்றார். வரமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. வந்தால் அவருக்கு இங்கே என்ன இருக்கிறது? நாங்கள் என்ன வைத்திருந்தோம்?

மணி ஒன்றாகியிருந்தது. ஓசூரிலும் லீவுதான். ஒரு ரூம், ஒரு கட்டில், சைலன்ட்டில் ஒரு போன். மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து நான் அவரிடம் ஒரு நாளும் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன்.

"சாப்டீங்ளா தம்பி?"

பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. ஹலோ ஹலோ என்று கத்துவதுதான் என் வழக்கம். கத்தவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்றார்.